கச்சானும் வாடையும்: தனுஷ்கோடிக் கரையில் பலத்த காற்றில் விண்ட்சர்ஃபிங் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய் பொருத்திய பலகைமேல் நின்று, காற்றின் விசையில் கடலில் ஓடும் விளையாட்டுதான் விண்ட்சர்ஃபிங். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் சாலையோரம் அந்தப் பாயைக் கம்பத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து நின்று பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கொஞ்சம் பழகிவிட்டு, இப்போது பலத்த காற்றிலும் அலையிலும் இறங்க நினைப்பவர்களை மனத்தில் வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். பலகைமேல் இன்னும் நிற்கவே பழகாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஜூலை மாதக் கடலில் இறங்க வேண்டாம்.

இத்தனை கடற்கரை இருக்க, ஏன் இந்த இடம்?

இங்கே ஒரே மணல்திட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கடல்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடபுறத்தைப் பெண் கடல் என்றும் தென்புறத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம்போலக் கிடக்கும் நாளில் மற்றொன்று மணலை வாரி அடிக்கும். சில இடங்களில் சாலையில் நின்றபடியே தலையைத் திருப்பி இரண்டையும் பார்க்கலாம்.

விண்ட்சர்ஃபிங் பழகுபவனுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. ஆண்டின் பெரும்பகுதி இரண்டில் ஒரு கரையில் காற்று கிடைக்கும். ஆனால் இந்த வசதிதான் இங்கே பலரைத் தவறான பக்கத்தில் இறங்கவும் வைக்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எந்த மாதத்தில் எந்தக் காற்று?

மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. மீனவர்கள் இதைக் கச்சான் என்பார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் இரவும் பகலும் ஓயாமல் வீசும். வெறுங்காலில் நடந்தால் பறக்கும் மணல் கணுக்காலில் ஊசிபோல் குத்தும்.

அக்டோபரில் காற்று மனம் மாறத் தொடங்கும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் புயல் காலம். நம்பி நாள் குறிக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் வாடைக் காற்று நிலைபெறும். அது வடகிழக்கிலிருந்து வருவது. கச்சானைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி, கொஞ்சம் சீர்.

மார்ச், ஏப்ரலில் காற்று தளர்ந்துவிடும். முதன்முதலாகக் கற்றுக்கொள்ள அதுதான் நல்ல நேரம்.

அலை இல்லாத பக்கம்தானே பாதுகாப்பானது?

இல்லை. இந்தக் கேள்வி பதில்களில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தனுஷ்கோடி முனை தென்கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது. கச்சான் அடிக்கும் காலத்தில் மன்னார்க் கடல் பக்கம் காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது. அலையும் கூடவே வருகிறது. அதே நேரத்தில் பாக் விரிகுடாப் பக்கம் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அலை எழும்ப அங்கே தூரமே இல்லை. ஆகவே கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். பார்ப்பவருக்கு ‘ஆஹா, இதுவல்லவா இடம்’ என்று தோன்றும். 300 மீட்டர் உள்ளே போனபிறகுதான் கரை தடுத்துவைத்திருந்த காற்றின் முழு வேகமும் தெரியும். அங்கே ஏதாவது உடைந்தால் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளாது, நடுக்கடலுக்குத் தள்ளும். வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழ்: மன்னார்க் கடல் சாந்தமாகக் கிடக்கும், ஆனால் அங்கேதான் காற்று கடலை நோக்கிப் போகிறது.

எனக்கு இது ஒரு ஜனவரி மாதம் புரிந்தது. முகுந்தராயர் சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்பு, தென்புறக் கரையில் இறங்கினேன். வாடை நன்றாக வீசியது, தண்ணீர் வழவழவென்று இருந்தது. இரண்டு சுற்றுப் போய்வந்தேன். மூன்றாவது சுற்றில் கம்பத்தைப் பலகையோடு இணைக்கும் ரப்பர் மூட்டு அறுந்துபோனது. பாய் தனியே, பலகை தனியே. ரப்பரின் அறுந்த முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: பாதி வரை பழைய விரிசல், கறுத்து, உப்புப் பூத்திருந்தது. மீதிப் பாதிதான் புதிதாக அறுந்தது. கரையில் ஒருமுறை வளைத்துப் பார்த்திருந்தால் அந்த விரிசல் கண்ணில் பட்டிருக்கும்.

பாயைக் கைவிட்டுப் பலகைமேல் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டேன். அரை மணி நேரம் போட்டும் கரையில் இருந்த சவுக்கு மரங்கள் சிறிதாகிக்கொண்டே போயின. வலை இழுத்துக்கொண்டிருந்த நாட்டுப்படகுக்காரர்கள், இழுத்த வலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து தூக்கிக்கொண்டார்கள். படகில் இருந்த பெரியவர் திட்டவில்லை. “தம்பி, வாடைக்கு இந்தப் பக்கம் இறங்கினால் போய்ச் சேருகிற இடம் எதுவென்று ஒரு தடவை யோசித்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். டீசலுக்குப் பணம் கொடுத்தேன்; வாங்கிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து காற்றின் வேகம் எத்தனை நாட் என்று பார்ப்பதற்கு முன்னால், இப்போது எல்லாம் உடைந்தால் எங்கே போய் ஒதுங்குவேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பலத்த காற்றில், கரைக்குச் சாய்வாக வந்து சேரும் காற்றே நல்லது. நேராகக் கரைக்கு வரும் காற்றில் வெளியே போவது கடினம், ஆனால் கடல் உங்களைத் திருப்பிக் கொடுத்துவிடும். கரையிலிருந்து போகும் காற்றில், துணைக்கு எஞ்சின் படகு இல்லாமல் இறங்காதீர்கள்.

பலத்த காற்று என்றால் எவ்வளவு? கருவி இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பலகை நீரைக் கிழிப்பதை விட்டு நீர்மேல் எழும்பி வழுக்கத் தொடங்குவது பெரும்பாலும் 12 முதல் 15 நாட்டுக்குள். 20 நாட்டுக்கு மேல் போனால் அதைப் பலத்த காற்று என்று நான் சொல்வேன்.

கண்ணாலேயே மதிப்பிடலாம். அங்கங்கே வெள்ளை நுரைமுகடு தெரிந்தால் சுமார் 12 நாட். கடல் முழுக்க வெள்ளை விழுந்திருந்தால் 18, 20. நுரை காற்றின் திசையில் கோடுகோடாக நீண்டு ஓடினால் 28, 30 ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த நாளில் பலரும் கரையில் உட்கார்ந்து பார்ப்பதே சரி.

இன்னொரு கணக்கும் நினைவில் இருக்கட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். 15 நாட்டில் விளையாட்டாக இருந்த அதே பாய், 30 நாட்டில் தோளைப் பிடுங்கிவிடும்.

வானிலை அறிவிப்பில் ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று கேட்டிருப்பீர்கள். அது 24 முதல் 30 நாட். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அது 31 நாட். ரயிலை நிறுத்தும் காற்றில் ஒரு துணிப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் எந்தப் பேச்சும் இல்லை, சாமானைக் கட்டி உள்ளே வைத்துவிட வேண்டியதுதான்.

எந்த அளவுப் பாய்?

70 கிலோ எடையுள்ளவருக்கு உத்தேசமாகச் சொல்கிறேன்: 15 நாட்டுக்கு 6 சதுர மீட்டர், 20 நாட்டுக்கு 5, 25 நாட்டுக்கு 4.2, 30 நாட்டுக்கு 3.7. எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் சிறியதை எடுங்கள். காற்று போதவில்லை என்றால் நிதானமாகக் கரைக்கு வந்து பெரியதை மாட்டலாம். பாய் பெரிதாகிவிட்டால் கரைக்கு வருவதே பெரும்பாடு.

அளவைவிடப் பலர் தவறு செய்வது கட்டுவதில்தான். பாயின் அடிக் கயிற்றைக் கம்பத்தோடு எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு இறுக்குவதில்லை. நன்றாக இழுத்துக் கட்டினால் பாயின் பின்விளிம்பு, மேற்பகுதியில் தளர்ந்து, காற்றில் படபடக்கும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பாய் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். கெடவில்லை. பலமாக ஒரு வீச்சு வரும்போது அந்தத் தளர்ந்த பகுதி விரிந்துகொடுத்து மிச்சக் காற்றை வெளியே விடும். இழுக்காமல் விட்ட பாய் அந்த வீச்சை முழுவதும் உங்கள் கைக்கு அனுப்பும். கயிறு கையை அறுத்தால் ஒரு குச்சியில் சுற்றி, காலைக் கம்பத்தின் அடியில் ஊன்றி இழுங்கள்.

பலகை?

நீங்கள் ஏறி நின்றால் முழுகாத பலகை வேண்டும். உங்கள் எடை 70 கிலோ என்றால் பலத்த காற்றுக்கு முதல் பலகையின் கன அளவு 90 முதல் 100 லிட்டர் வரை இருக்கட்டும். அதைவிடச் சிறியது அலையில் துள்ளி விளையாடும். ஆனால் காற்று நின்றுவிட்டால் உங்களோடு சேர்ந்து அமிழும். அடியில் மீன் துடுப்புபோல் உள்ள ஃபின்னையும் சிறிதாக்குங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு புரளப் பார்க்கும்.

அலையைத் தாண்டி வெளியே போகவே முடியவில்லை. என்ன செய்வது?

கச்சான் காலத்தில் மன்னார்க் கடல் கரையில் எல்லோரும் கேட்பது இது. முதல் 30 மீட்டர்தான் பாடு. அதைத் தாண்டியவன் தாண்டியவன்தான்.

முதலில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. நாலைந்து பெரிய அலைகள் கூட்டமாக வந்து உடையும், பிறகு ஓர் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கரைவலை இழுப்பவர்களும், படகைத் தள்ளுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். யாரும் கண்ட அலையில் படகை விடுவதில்லை.

இறங்கும்போது ஒரு கை பாயின் பிடிகம்பத்தில், மறுகை பலகையின் பின்புறக் கால்பட்டையில். பலகையின் மூக்கு அலையை நேராகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வாங்கினால் அலை பலகையைத் தூக்கி உங்கள் முழங்காலில் அடிக்கும். எந்த நேரத்திலும் பலகைக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். பலகை கரைப்பக்கம், நீங்கள் கடல்பக்கம். இந்த ஒன்றை மறந்தவர்களின் விலா எலும்பு உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் ஏறிவிடுங்கள். இன்னும் ஆழம் போகட்டும் என்று நடந்தால் அடுத்த அலைக் கூட்டம் வந்துவிடும். ஏறியதும் வேகம் பிடிப்பதுதான் வேலை. கால்பட்டையைத் தேடிக் குனிய வேண்டாம். நுரை அலை எதிரே வரும்போது முழங்காலை மடக்கி, எடையைப் பின்காலுக்கு மாற்றி மூக்கை எழும்ப விடுங்கள். அலை அடியில் போனதும் எடையை முன்னே கொண்டுவந்து பாயை இழுத்துப் பிடியுங்கள். தயங்கி நிற்பவனைத்தான் அலை கவிழ்க்கும்.

வெளியே விழுந்துவிட்டால் திரும்ப ஏறுவது எப்படி?

பலத்த காற்றில், பலகைமேல் நின்று பாயைக் கயிற்றால் தூக்குவது நடக்காது. அலையும் காற்றும் அதற்கு விடாது. தண்ணீரில் கிடந்தபடியே பாயைக் காற்றுக்குக் காட்டி, அது உங்களைத் தூக்கிவிட ஏறும் முறையை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். வாட்டர் ஸ்டார்ட் என்பார்கள். வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கம், மார்பளவுத் தண்ணீரில், நூறு தடவை பழகுங்கள். அந்தக் கடல் வெகுதூரம் வரை ஆழம் குறைவு. காற்றும் கரைக்குத் தள்ளும். இது கைவராமல் ஜூலையில் மன்னார்க் கடலில் இறங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன்.

காற்றே இல்லாத நாளில் பெரிய அலை வருகிறதே?

அது கள்ளக்கடல். எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலைகள், இங்கே காற்றுச் சத்தமே இல்லாமல் வந்து சேரும். பெயரே காரணத்தைச் சொல்கிறது: திருடன்போல் வரும் கடல். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது இப்படிப்பட்ட கடல்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் காற்று முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் அதையும் பாருங்கள்.

நீச்சல் சுமாராகத்தான் தெரியும். மிதவைச் சட்டை போட்டால் போதுமா?

போதாது.

ஆபத்து என்றால் யாரை அழைப்பது?

இந்தியக் கடலோரக் காவல்படை: 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093. கைப்பேசியை நீர்புகாத உறையில் போட்டு உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். கரையில் இருக்கும் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

தூரத்தில் படகு தெரிந்தால் பலகைமேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். உதவி வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் இதுதான் அடையாளம். பாயை விட்டுவிட நேரலாம். பலகையை ஒருபோதும் விடாதீர்கள். கரை பக்கத்தில் தெரிகிறது, நீந்திவிடலாம் என்று பலகையை விட்டவர்கள்தான் திரும்பாமல் போகிறார்கள். கடலில் தலையைவிடப் பலகைதான் தேடுபவர் கண்ணில் படும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடல் காலியாக இருப்பது பாயோட்ட வசதிதான், ஆனால் உங்களைப் பார்த்துவிட்டு வர ஆளும் குறைவு.

எங்கெல்லாம் போகக் கூடாது?

அரிச்சல்முனை நுனியில் இறங்கவே வேண்டாம். இரண்டு கடலும் கூடும் இடம். நீவாடு, அதாவது நீரோட்டம், அங்கே திசை மாறி இழுக்கும். குளிக்கவே தடை உள்ள இடம் அது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் சர்வதேசக் கடல் எல்லை. தண்ணீரில் கோடு போட்டு வைத்திருக்கமாட்டார்கள். எல்லை தாண்டியவர்களின் கதை இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

தென்புறத்தில், தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதி இல்லாமல் அவற்றில் கால் வைக்கக் கூடாது. பவளப்பாறையில் ஃபின் உரசினால் உங்களுக்கு ஃபின் போகும்; பவளத்துக்குப் பல ஆண்டு வளர்ச்சி போகும்.

மீனவர்களுக்கு இது தொந்தரவாக இல்லையா?

நாம் நடந்துகொள்வதைப் பொறுத்தது. கரைவலை போட்டிருக்கும்போது கயிறு கரையிலிருந்து கடலுக்குள் நீண்டிருக்கும், தூரத்திலிருந்து தெரியாது. இழுப்பவர்கள் இரண்டு வரிசையாகப் பின்னோக்கி நடப்பதைப் பார்த்தால், அந்த இரண்டு வரிசைக்கும் நேரே உள்ள கடல் முழுவதும் அவர்களுடையது. வலை கரை ஏறும்வரை வெளியே காத்திருங்கள். மிதவை எங்கே கண்டாலும் சுற்றிப் போங்கள். இறங்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் இன்றைக்கு நீவாடு எப்படி என்று கேளுங்கள். எந்தக் கைப்பேசிச் செயலியும் அதைச் சொல்லாது.

நமக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. எதிரெதிரே வரும்போது, கம்பத்துக்கு அருகே வலது கை முன்னால் இருப்பவருக்கு வழி. அலைக்குள் என்றால், வெளியே போகப் போராடுபவருக்கு உள்ளே வருபவர் வழிவிட வேண்டும்.

இந்தியாவில் இதில் சாதித்தவர்கள் உண்டா?

உண்டு. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இபாத் அலி ஆண்கள் விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் இருக்கிறது. பெண்களுக்குத் தனிப்பிரிவு 1992 பார்சிலோனாவில் வந்தது. ஹாங்காங்கின் முதல் ஒலிம்பிக் தங்கமே 1996-இல் லீ லாய்-ஷான் என்ற பெண் விண்ட்சர்ஃபிங்கில் வென்றதுதான். பாய்மரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பாக் விரிகுடாக் கரைப் பிள்ளைகளுக்கு ஒரு பலகையும் நல்ல பயிற்சியும் கிடைத்தால் எங்கே போவார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. காற்றின் திசையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிந்ததும் பாயை எங்கே கழுவுவது?

ஊருக்குத் திரும்பியபிறகு, தங்குமிடத்தில். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அங்கே குடியிருப்பவர்கள் அந்தக் குழிகளிலிருந்து சிரட்டையாலும் குவளையாலும் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். ஒரு குடம் நிறைய நேரம் ஆகும். அந்தத் தண்ணீரைப் பலகை கழுவ யாரிடமும் கேட்காதீர்கள். அவர்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள். மணலை உதறி, பாயை ஈரத்தோடு சுருட்டி வண்டியில் ஏற்றுங்கள். ரப்பர் மூட்டை மட்டும் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடுங்கள்.